ரிலீவர் வரும்வரை

நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்துவிட்டது என்பதற்காக யாரும் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு போய்விட முடியாது. அடுத்த ஷிப்டுக்கு வருகிற ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும். வந்தவர், "என்ன நெலமை?" என்று கேட்பார். இருந்தவர் சொல்வார். நிலக்கரி போகும் பெல்ட் எப்படி ஓடுகிறது, எந்த உருளை சத்தம் போடுகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது. எல்லாவற்றையும் வாயால் சொல்லி முடித்த பிறகுதான் நாற்காலி கைமாறும். வருகிறவருக்குப் பெயர் ரிலீவர். ரிலீவர் வராவிட்டால் வீடும் இல்லை, தூக்கமும் இல்லை. அப்படியே உட்கார்ந்து அடுத்த ஷிப்டையும் பார்க்க வேண்டியதுதான்.

சந்திரகலா அந்த வழக்கத்திலேயே வளர்ந்தவள். அப்பா கரூர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு வேலைக்கு வந்தவர். வேலையில் இருக்கும்போதே அவர் இறந்துவிட, வாரிசு வேலையாகக் கன்வேயர் பெல்ட்டைப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. தம்பி ஜெயகணேஷ் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவனைப் படிக்க வைத்தாள், அனல்மின் நிலையத்தில் அவன் பெர்மனென்ட் ஆகிறவரை பார்த்துக்கொண்டாள், கல்யாணம் செய்து வைத்தாள். தான் ஏன் செய்துகொள்ளவில்லை என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு கட்டத்தில் கேட்பதை எல்லாரும் விட்டுவிட்டார்கள்.

தானே புயல் அடித்தபோது அவளுக்கு இரவு ஷிப்ட். காலையில் ரிலீவர் வரவில்லை. சாலையெல்லாம் மரம் விழுந்து கிடக்க, எப்படி வருவார்கள்? பெல்ட் நின்றுபோயிருந்தது. பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் அவள் இடத்தை விட்டு எழவில்லை. மறுநாள் சாயங்காலம் ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு, நனைந்து, வந்து சேர்ந்தார். "இன்னுமா இங்க இருக்கே?" என்று கேட்டவரிடம், "நெலமைய கேளுங்கண்ணா, சொல்லிட்டுப் போறேன்" என்றாளாம். சுரங்கத்தில் அதைச் சொல்லிச் சொல்லி வெகுநாள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மரியாதையும் இருந்தது.

அதே புயல்தான் அவளுடைய பிற்கால வாழ்க்கைக்கும் இடம் ஒதுக்கிக் கொடுத்தது. முத்தாண்டிக்குப்பத்துக்குப் போகிற வழியில் அப்பா வாங்கிப் போட்ட முந்திரிக் கொல்லை ஒன்று இருந்தது. சாலையோரமாக இருந்த மரங்கள் அத்தனையும் வேரோடு சாய்ந்தன. உள்பக்கத்து மரங்கள் தப்பின. விழுந்ததை வெட்டி எடுத்ததும், முன்னால் பெரிய வெட்டவெளி ஒன்று கிடைத்தது. மறுபடி கன்று நட அவளுக்கு நேரமில்லை. தைப்பூசத்துக்கு வடலூர் போகிற வேன்கள் அந்த இடத்தைக் கண்டுகொண்டன. நிறுத்தினார்கள், அடுப்பு மூட்டினார்கள், படுத்து எழுந்து போனார்கள். போகும்போது பெருக்கிவிட்டுப் போனார்கள் என்பதால் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. அது நெய்வேலியில் எல்லாருக்கும் வருகிற நாள்தான். பிறந்து வளர்ந்த வீட்டின் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு, கொல்லையில் கட்டிய சின்ன வீட்டுக்கு வந்தாள். கையில் வந்த தொகையில் வேன்காரர்களுக்காகக் கழிவறை, குளியலறை, தண்ணீர்த் தொட்டி, கூரை போட்ட சமையல் கொட்டகை எல்லாம் கட்டினாள். பிறகு வேறு மாதிரி வண்டிகளும் வர ஆரம்பித்தன. வண்டிக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிற குடும்பங்கள். கூடாரம் அடிக்கிற இளவட்டங்கள். கலாக்கா கொல்லை என்றால் பண்ருட்டி முதல் குள்ளஞ்சாவடி வரைக்கும் தெரியும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

முதல் எலக்ட்ரிக் கார் வந்தது ஒரு மழை நாளில். சேலத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற குடும்பம். சார்ஜ் தீரப்போகிறது, வழியில் நம்பி வந்த இடத்தில் மிஷின் வேலை செய்யவில்லை. அந்தப் பெண் தயங்கித் தயங்கி, "ஒரு பிளக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள். கரண்டைக் கேட்பதற்கு ஒருத்தி இவ்வளவு தயங்குவாளா என்று சந்திரகலாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நெய்வேலியில் வளர்ந்தவளுக்குக் கரண்டு என்றால் வேப்பமரத்துக் காற்று மாதிரி. அது இருக்கும், அவ்வளவுதான். கொடுத்தாள். அவர்கள் போய் அந்த இடத்தை போனில் எதிலோ குறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலைந்து கார்கள் வந்தன. அவளும் முறைப்படி தனி மீட்டர் வாங்கி, சுவரில் ஒரு சார்ஜரும் பக்கத்தில் ஒரு பெரிய பிளக்கும் வைத்தாள்.

வைத்தபிறகுதான் தொல்லை தெரிந்தது. ஒருவன் இரவு வண்டியை மாட்டிவிட்டுக் கூடாரத்தில் தூங்கப் போய்விடுவான். நடுவிலேயே சார்ஜ் நிரம்பிவிடும். அடுத்தவன் வயரைப் பிடுங்கவும் பயந்து, எழுப்பவும் கூசி, விடியும்வரை காத்திருப்பான். விடிந்ததும் சண்டை. இன்னொருவன், "நான் ரெண்டு நாளா தங்கிருக்கேன், வழியில போறவனுக்கு எதுக்கு முதல்ல?" என்பான். வழியில் போகிறவனோ, "தங்கியிருக்கறவருக்கு என்ன அவசரம்?" என்பான். இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம்.

பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் இதற்கெல்லாம் ஒரு ஆப் இருக்கிறது என்றார். சந்திரகலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்ததையே செய்தாள். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், முந்திரி மரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டாள். சட்டம் ஒன்றே ஒன்று. வயரை மாட்டியவர் அடுத்த ஆளிடம் நேரில் ஒப்படைக்காமல் கிளம்பக் கூடாது. வருகிறவர் "என்ன நெலமை?" என்று கேட்க வேண்டும். போகிறவர் சொல்ல வேண்டும்.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? பிடுங்கிட்டு மாட்டினா போச்சு" என்று முதலில் சிரித்தார்கள்.

"பிடுங்கறதும் மாட்டறதும் வேலை இல்ல தம்பி. சொல்றதுதான் வேலை. பிளக் சூடாயிருந்தா உனக்குத் தெரியும். அவனுக்கு யாரு சொல்லுவா?"

சிரித்தவர்கள் செய்தார்கள். செய்யச் செய்ய அது பிடித்தும் போனது. "முழுசா ஏறிடுச்சு, வயர் சூடில்ல, பிளக்க கொஞ்சம் அழுத்தி மாட்டுங்க" என்று ஒருவர் சொல்ல, "சரி, நான் பாத்துக்கறேன், நீங்க கிளம்புங்க" என்று மற்றவர் சொல்ல, முன்பின் தெரியாத இரண்டு பேர் டீ குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். சண்டை நின்றது. அடுத்து வர ஆளில்லை என்றால் சந்திரகலாவே ரிலீவராகி, நிலைமை கேட்டு வாங்கிக்கொள்வாள். அவளிடம் வாங்கிக்கொள்ளத்தான் யாரும் இல்லை. அவள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

குறை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கொல்லைக்கும் பக்கத்துத் தெருவுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். கோடையில் ஒரு நாள், இரண்டு கார் சார்ஜ் ஏறும்போது தண்ணி மோட்டாரும் ஓட, டிரான்ஸ்பார்மரில் ஃப்யூஸ் போய்த் தெருவே இருண்டது. இன்னொரு நாளும் அப்படியே ஆனது. அந்தத் தெருவில் நல்லசாமி நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிக்கிற பெட்டி வைத்திருந்தார். பெட்டியில் சூடு இறங்கினால் முட்டைக்குள் இருக்கிற உயிர் போய்விடும். இரண்டாம் முறை அவருக்கு ஒரு தட்டு முட்டை முழுக்கப் போய்விட்டது. மறுநாள் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா கலாம்மா, ஊரான் காருக்குப் பால் குடுக்கறதுக்கு எங்க வூட்டு வெளக்க அணைச்சிகினு இருக்கணுமா?"

"தப்புதாண்ணா. பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். வந்துகிட்டு இருக்குன்றாங்க."

"அது வரட்டும். அதுக்குள்ள இன்னொரு தபா தெருவுல கரண்டு போச்சின்னு வையி, காரு கீரு ஒண்ணும் இங்க மாட்டக் கூடாது. நான் ஒருத்தன் சொல்லல, தெருவே சொல்லுது. சரியா?"

"சரிண்ணா."

அன்றிலிருந்து, மோட்டார் ஓடும்போது கார் இல்லை, கார் ஏறும்போது மோட்டார் இல்லை என்று முறை வைத்தாள். சொல்லுக்குக் கட்டுப்பட்டவள் என்பதால், நாற்காலியை விட்டு எழுவதும் குறைந்துபோனது. ஒரு கார் கூட ஏற முடியாமல் போனால், வழியில் சார்ஜ் தீர்ந்து தவிக்கிறவர்களுக்கு அந்தச் சாலையில் வேறு இடமில்லை. சேலத்துப் பெண் தயங்கி நின்ற முகம் அவளுக்கு மறக்கவில்லை.

பிறகு தைப்பூசம் வந்தது.

பூசத்துக்கு முந்தின நாள் மதியமே கொல்லை நிரம்பிவிட்டது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து புவனா என்கிறவள் தன் கூட்டத்தோடு இரண்டு வேனில் வந்திருந்தாள். வருஷா வருஷம் வருகிறவள். மறுநாள் அதிகாலையில் வடலூருக்குப் போய்த் தங்கள் கையால் எல்லாருக்கும் இட்லி கொடுப்பது அவர்கள் வழக்கம். அதற்கு மாவு ஆட்ட இரண்டு பெரிய கிரைண்டர்களை வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏனுங்கக்கா, கிரைண்டரை இப்பப் போட்டுக்கிட்டுமுங்களா?"

"போட்டுக்க புவனா. மொத ஷிப்ட் உனக்கு. நீ முடிச்சுட்டு வந்து எங்கிட்ட சொன்னாத்தான் காருக்குக் குடுப்பேன்."

காரோடு காத்திருந்தவர்களில் முன்னால் நின்றவர் தௌசீப். நாகூருக்கு மனைவி ஷமாவோடு போய்க்கொண்டிருந்த ஜவுளிக்காரர். அவர் கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே, "எங்க காரு நாளைக்குத்தான் சாப்பிடும் போல" என்றார்.

"பசிச்சவங்களுக்குச் சோறு போடற ஊருக்குப் போறோமுங்க. உங்க காரை மட்டும் பட்டினி போட்ருவமா?" என்று புவனா மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். "கொஞ்சம் பொறுங்க. இட்லி வேணா இப்பவே தர்றோம், உங்களுக்கு."

பொழுது சாயும் நேரத்தில் ஜெயகணேஷ் வந்தான். பூசக் கூட்டத்தில் அக்காவுக்குக் கூடமாட இருக்கலாம் என்று ஆஃப் போட்டுவிட்டு வந்திருந்தான். கூடவே புதுக் காரைக் காட்ட வேண்டும். அதுவும் எலக்ட்ரிக். அந்தக் காரிலிருந்து கரண்டை வெளியே எடுக்கவும் முடியும் என்பது அவனுடைய பெரிய பெருமை. குவார்ட்டர்ஸ் வாசலில் காரோடு மிக்ஸியை மாட்டிச் சட்னி அரைத்துக் காட்டி, பிளாக் முழுக்கக் கூடி நின்று பார்த்த கதையை போனிலேயே இரண்டு தடவை சொல்லியிருந்தான்.

"அக்கா, சார்ஜ் கால்வாசிதான் இருக்கு. நாளைக்குச் சிதம்பரம் போகணும். மாட்டிக்கட்டுமா?"

"உனக்கு முன்னால மூணு பேர் இருக்காங்க. நாலாவதா நில்லு."

"நான் செய்யற கரண்டு, எனக்கே க்யூவா?"

"செய்யறவனுக்கும் க்யூதான். போயி அந்த அண்டாவைத் தூக்கிக் குடு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். சந்திரகலா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். கூட்டத்துக்குத் தண்ணீர் போதாது. மோட்டாரைப் போட்டாள். கிரைண்டர் இரண்டும் மோட்டாரும் ஓடினால் டிரான்ஸ்பார்மர் தாங்கும் என்பது அவளுக்குப் பழக்கத்தில் தெரியும். தெருவில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. டிவி சத்தம் கேட்டது.

பிறகு எங்கோ பட்டென்று ஒரு சத்தம். கிரைண்டர் உறுமி நின்றது. கொல்லை இருண்டது. தெருவும் இருண்டது.

சந்திரகலா போன் வெளிச்சத்தில் முதலில் சார்ஜரைப் பார்த்தாள். அதில் யாரும் மாட்டவில்லை. பெரிய பிளக்கும் காலிதான். மோட்டார் அறைக்குப் போனாள். அங்கே சுவர் பிளக்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் ஜன்னல் வழியாக வெளியே போயிருந்தது. அதன் மறுமுனை கொட்டகைக்குப் பின்னால் நின்ற தம்பியின் புதுக் காரில் இருந்தது.

அவன் திருட்டுத்தனமாகச் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. குவார்ட்டர்ஸில் தினமும் வராந்தா பிளக்கில் மாட்டிவிட்டுத் தூங்குகிறவன். அங்கே அதை யாரும் ஒரு விஷயமாக நினைப்பதில்லை. க்யூ என்பது வாசல் சார்ஜருக்குத்தான், வீட்டுப் பிளக்குக்கு என்ன க்யூ என்று நினைத்திருக்கிறான். கரண்டு தீர்ந்துபோகிற பொருள் என்பது நாள் முழுக்க அதைத் தயாரிக்கிறவனுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா, நான் சும்மா..." என்று பின்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"வயரைக் கழட்டு" என்றாள்.

அதற்குள் தெரு வந்துவிட்டது. முன்னால் நல்லசாமி, பின்னால் பத்துப் பதினைந்து பேர், கைகளில் போன் வெளிச்சம்.

"யாரு வண்டி அது?" நல்லசாமியின் குரல் உடைந்திருந்தது. "நாளைக்கு ஓடு ஒடைக்கற முட்ட கலாம்மா! உள்ள கத்துற சத்தம் கேக்குது! யாரு வண்டி, சொல்லு!"

ஜெயகணேஷ் ஒரு அடி முன்னால் வந்தான். சந்திரகலா அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

சுரங்கத்தில் இதற்கும் ஒரு வழக்கம் உண்டு. யார் கை பட்டுக் கெட்டது என்பது பிறகு. யாருடைய ஷிப்டில் கெட்டதோ அவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

"என் ஷிப்ட்ல ஆச்சுண்ணா. நான்தான் பாத்திருக்கணும். பாக்கல" என்றாள்.

சொல்லிவிட்டு மீட்டர் பெட்டிக்குப் போனாள். கார்களுக்கான மெயின் சுவிட்சை இறக்கினாள். பெட்டியைப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து நல்லசாமியின் கையில் வைத்தாள். காத்திருந்த கார்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் அவள் கட்டிக்காத்தது அந்தச் சாவியோடு போனது அவர்களுக்கும் தெரிந்தது.

"நீங்க சொன்னது சொன்னதுதான். மூடியாச்சு. இப்ப முட்டைய பாப்போம். குஞ்சுப் பெட்டி பாட்டரியில எவ்வளவு நேரம் தாங்கும்?"

திட்டுவதற்காக மூச்சை இழுத்துக்கொண்டு வந்தவருக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. "அது... சோறு ஆக்கற நேரம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது. லைன்மேனுக்குப் போன் அடிச்சா வடலூர் பந்தல்ல நின்னுகினு இருக்கேன்றான். இந்தக் கூட்டத்துல எப்ப வந்து சேருவானோ."

சந்திரகலா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "நீ மிக்ஸி ஓட்டினியே, அந்த வயர் வண்டியில இருக்கா?"

ஜெயகணேஷ் காருக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் தான்தான் முன்னால் நின்று செய்ததுபோலச் சொல்வார்கள். புதுக் காரை நல்லசாமி வீட்டு வாசலுக்கு, குறுகலான சந்துக்குள் பின்பக்கமாக ஏற்றினார்கள். தௌசீப் முன்னால் நின்று, "இன்னும் வா, இன்னும் வா, நிறுத்து!" என்று கை காட்டினார். காரின் ஒரு பக்கக் கண்ணாடி சுவரில் தேய்ந்து பளபளப்பு போனது. ஜெயகணேஷ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரிலிருந்து வயரை இழுத்துப் பெட்டியில் மாட்டியதும் உள்ளே சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"சூடு ஏறுதா?" என்று வெளியிலிருந்து கேட்டார்கள்.

"ஏறுது, ஏறுது. சும்மா இருங்கய்யா, குஞ்சு பயந்துடப் போவுது" என்றார் நல்லசாமி.

ஜெயகணேஷ் மெல்ல அக்காவிடம் வந்தான். "சரிக்கா, மாட்டியாச்சு. நான் உன்கூட வந்து..."

"எங்க வர்ற? ரிலீவர் வந்தாச்சா?"

"யாரு ரிலீவர்?"

"லைன்ல கரண்டு வரணும். அதுதான் உன் ரிலீவர். அது வர்ற வரைக்கும் நீயும் உன் காரும் இங்கதான்."

"அப்ப சிதம்பரம்?"

"நடராஜர் எங்கயும் போயிட மாட்டாரு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்லசாமியும் சிரிக்கப் பார்த்து, கோபம் ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார். ஆனாலும் உள்ளே திரும்பி, "தம்பிக்கு ஒரு சேர எடுத்துப் போடு, சோறும் போடு" என்று மனைவியிடம் சொன்னார்.

கொல்லையில் பாதி ஆட்டிய மாவோடு புவனா உட்கார்ந்திருந்தாள். சந்திரகலா அவளிடம் வந்து, "உன் வேலைய கெடுத்துட்டேனே" என்றாள்.

"அட விடுங்கக்கா. இருக்கற மாவுக்கு இட்லி, மிச்சத்துக்கு ரவை உப்புமா. பசிக்கு என்னங்க, இட்லின்னா ஒரு மாதிரி, உப்புமான்னா ஒரு மாதிரியா?" என்று புவனா கூட்டத்தை எழுப்பி அடுப்பு மூட்டவைத்தாள். போகவும் முடியாமல் தங்கிவிட்ட கார்க்காரர்கள் வெங்காயம் நறுக்கினார்கள். "நாங்க எங்கக்கா போறது? போறதுக்குத்தான் கரண்டு இல்லியே" என்று தௌசீப் பெரிய கரண்டியை வாங்கிக்கொண்டார். ஷமா கண்ணைத் துடைத்துக்கொண்டே நறுக்கினாள். வெங்காயத்தால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

சந்திரகலா பூட்டிய மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் இத்தனை பேர் அவளை நம்பித் தங்கியிருக்கும்போது அந்த இடத்தை விட்டு எழ அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே இருந்தாள். எப்போதோ லைன்மேன் வந்து, தெருவில் விளக்கு எரிந்தது. கார்களின் பெட்டி மட்டும் பூட்டியபடி இருந்தது.

விடியும்போது பனி கொட்டியது. வேன்கள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தன. பூசத்தன்று வடலூர் ஜோதியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் நடந்து வருகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு சந்திரகலா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேலையில் இருந்தபோது பூசத்துக்குக் குடும்பக்காரர்கள் லீவு கேட்பார்கள், அவள் அவர்களுக்கு ரிலீவராகப் போய்விடுவாள். ஓய்வு பெற்ற பிறகு வேன்களின் கூட்டம்.

சந்துப் பக்கமிருந்து நல்லசாமி வந்துகொண்டிருந்தார். துண்டைத் தலையில் சுற்றியிருந்தார். கையில் சாவி இருந்தது. பின்னால் ஜெயகணேஷ் தூக்கக் கலக்கத்தோடு வந்தான். அவன் சட்டையில் மஞ்சளாக ஒரு இறகுத் தூவல் ஒட்டிக்கொண்டிருந்தது.

சந்திரகலா எழுந்து நின்றாள். சாவியோடு வருகிறாரே, சார்ஜரையே கழற்றச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். கழற்றிவிடலாம். சொன்ன சொல் சொன்னதுதான்.

நல்லசாமி நேராக அவள் முன்னால் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னா நெலமை?" என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"இன்னா அப்படிப் பாக்கற? உந்தம்பி விடிய விடிய ஒக்காந்து சொன்னான். இங்க அதத்தான் கேக்கணுமாமே. கேக்கறேன். சொல்லு, இன்னா நெலமை?"

ஓய்வு பெற்ற பிறகு யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. அவள் சொல்ல ஆரம்பித்தபோது அது சுரங்கத்துக் குரலாகவே வந்தது.

"மெயின் இறக்கியிருக்கு. தொட்டியில தண்ணி பாதிதான், மோட்டார் போடணும். மோட்டார் ஓடறப்ப ஒரு கார்கூடக் கூடாது. மூணு கார் காத்திருக்கு. மொதல்ல தௌசீப் தம்பி, அவரு நாகூர் போகணும். சார்ஜர் வயரு நல்லா இருக்கு. பெரிய பிளக் கொஞ்சம் தளர்ச்சி, அழுத்தி மாட்டச் சொல்லணும். மோட்டார் ரூமைப் பூட்டிட்டேன்."

"அதப் பூட்டினது நல்லது" என்றார் நல்லசாமி, ஜெயகணேஷை ஒரு பார்வை பார்த்து. "சரி. இனிமே வெளக்கு வச்சதுலேருந்து தெரு சாப்ட்டு முடிக்கற வரைக்கும் காரு கெடையாது. அந்த நேரத்துக்குச் சாவி என் வூட்ல இருக்கும். மத்த நேரம் உன்கிட்ட. தெருவுல பேசிட்டேன். ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேண்ணா. குஞ்சு?"

"ரெண்டு மூணு முட்ட போச்சு. மிச்சம் எல்லாம் வெளிய வந்துகினு இருக்கு. கத்தற சத்தத்துல வூட்ல ஒருத்தர் தூங்கல." அவர் தலைத் துண்டை அவிழ்த்து நாற்காலிக் கையில் இருந்த பனியைத் துடைத்தார். "எழுந்துட்ட இல்ல? நவுரு."

அவர் உட்கார்ந்துவிட்டார். சந்திரகலா அதே இடத்தில் நின்றாள். அடுத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. புவனாவின் வேன் ஹார்ன் அடித்தது.

"அக்கா! முன் சீட்டு காலியா இருக்குதுங்க! ஏறுங்க, ஜோதி பார்க்கப் போலாம்!"

"மூஞ்சிகூட கழுவல..."

"அங்க வந்து கழுவிக்கலாமுங்க. ஏறுங்க!"

அவள் நல்லசாமியைப் பார்த்தாள். அவர் கையை மட்டும் அசைத்தார், ஈ ஓட்டுவதுபோல. சந்திரகலா வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். உப்புமா அண்டாவின் சூடு பின்னாலிருந்து முதுகில் அடித்தது. வண்டி சாலைக்குத் திரும்பும்போது தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். இரண்டாவதாகக் காத்திருந்த இளைஞன் தௌசீப்பின் காரைத் தாண்டி நேராகச் சார்ஜரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

"யோவ் தம்பி!" நல்லசாமியின் குரல் சாலைவரைக்கும் கேட்டது. "நெலமை கேக்காம எங்கய்யா போற? மொதல்ல வந்து இங்க நில்லு!"

சந்திரகலா தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.